பக்கத்து சீட்டின் பிரேக்

ஒரு குழந்தை விழாமல் நடக்கிறது. அதற்குத் தெரியாமல் பின்னால் ஒரு கை சட்டையைப் பிடித்திருக்கிறது. இப்போது நடந்தது யார்? கேட்பதற்கு எளிய கேள்விதான். பிரேக்கம்மாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே வெகுகாலம் நன்றாக ஓடியது. கேட்கப்பட்ட பிறகும் மோசமாக ஓடிவிடவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடலாம்.

பிரேக்கம்மா என்பது அவள் வேலை பார்த்த கார் ஓட்டப் பழக்கும் பள்ளியில் வைத்த பெயர். அந்தப் பள்ளியின் கார் சின்னது, பழையது. தலையில் ஒரு பலகை. முன்கண்ணாடியில் பயிற்சியாளர் பின்னால் பார்த்துக்கொள்ள ஒட்டவைத்த இரண்டாவது கண்ணாடி. பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அந்த இரண்டு பெடல்களும் ஓட்டுகிறவரின் பெடல்களோடு கம்பியால் பிணைக்கப்பட்டவை. அவள் இங்கே மிதித்தால் அங்கே மாணவரின் பெடலும் கீழே இறங்கும். மாணவர் மிதித்தால் அவள் பெடல் அசையாது.

இந்தக் கம்பியில்தான் அவளுடைய திறமை எல்லாம் இருந்தது. மற்ற பயிற்சியாளர்கள் ஆபத்து என்றால் டபக்கென்று மிதிப்பார்கள். மாணவர் தலை முன்னால் போய் வரும், முகம் சுண்டிவிடும், அன்றைய பாடம் அவ்வளவுதான். அவள் அப்படிச் செய்ய மாட்டாள். மாணவரின் கால் பிரேக்கைத் தேடிப் போகும் வரை காத்திருப்பாள். கால் பெடலில் பட்டதும் பட்டும் படாமல் தானும் அழுத்துவாள். பெடல் தன் காலுக்குக் கீழேதான் இறங்கியது என்று மாணவர் நம்புவார். கார் நிற்கும். வியர்த்த முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே அவள் அந்த வேலையில் இருந்தாள் என்று சொன்னால் தப்பில்லை.

அவளிடம் கற்றவர்கள் எல்லோரும் நன்றாக ஓட்டினார்கள் என்று சொல்வதற்கில்லை. தைரியமாக ஓட்டினார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டில் மூன்று பேர். கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி இழைப்பவர். பேச்சில் சிக்கனம், கிண்டலில் தாராளம். மகள் நான்காம் வகுப்பு. சாப்பிடும்போது இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு வெகுநேரம் மெல்லுவாள் என்பதால் அணில். மாடிக் குடியிருப்பில் இரண்டாம் தளம். பால்கனியில் ஒரு துணிக்கொடி, ஒரு முக்காலி, அணில் செய்த ஒரு லிஃப்ட்.

லிஃப்ட் என்றால் செருப்புப் பெட்டிதான். நான்கு மூலையிலும் ஓட்டை போட்டு, நூல்கயிறு கோத்து முடிச்சுப் போட்டு, கம்பித் தடுப்பில் ஒரு காலி நூல்கண்டை உருளையாக்கி அதன்மேல் கயிற்றை ஓடவிட்டிருந்தாள். கீழ்த்தளத்து பால்கனியில் இருக்கும் பெண்ணுக்கு அது இறங்கும். பென்சில், பிஸ்கட், படம் வரைந்த காகிதம், ஒருமுறை ஒரு வெட்டுக்கிளி எல்லாம் அதில் பயணம் செய்திருக்கின்றன. அந்தக் கீழ்வீட்டுப் பெண் அணிலின் ஒரே சிநேகிதி.

அணில் கூச்சக்காரி. நாலு பிள்ளைகள் விளையாடும் இடத்தில் சுவரோடு சுவராக நிற்பாள். விளையாட்டில் தோற்றால் உதடு பிதுங்கும், அப்புறம் ஒரு வாரம் அந்த விளையாட்டின் பேச்சையே எடுக்க மாட்டாள். இதைப் பார்க்கும்போதெல்லாம் பிரேக்கம்மாவின் வலது கால் தரையை அழுத்தும். நிஜமாகவே அழுத்தும். மகள் விளிம்பு வரை பால் ஊற்றிய டம்ளரைத் தூக்கிக்கொண்டு நடந்தால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒரு கால் விறைக்கும்.

"மேஜைக்கும் ஒரு பிரேக் போட்டுடலாமா? ஆசாரிகிட்ட சொல்லட்டுமா?" என்பார் கணவர்.

"உங்க வாய்க்கு முதல்ல போடணும்."

மேஜைக்கு அடியில் பிரேக் இல்லை. ஆனால் மற்ற இடங்களில் அவளாகவே வைத்துக்கொண்டாள். செஸ் ஆடும்போது தன் ராணியை யாரும் கவனிக்காத மூலையில் மகளின் குதிரை தாவும் கட்டத்தில் கொண்டுபோய் வைப்பாள். பார்த்துக் கண்டுபிடித்து அடித்ததாக மகள் துள்ளுவாள். பள்ளிக்குப் போய் வகுப்பு டீச்சரிடம், "அவளுக்குக் கொஞ்சம் பயம், சத்தமா வாசிக்கச் சொல்றப்ப சின்னப் பத்தியா குடுங்க" என்று சொல்லிவைப்பாள். கீழ்வீட்டுக்காரியைப் படிக்கட்டில் பிடித்து, "உங்க பொண்ணைக் கொஞ்சம் மேல அனுப்பி வைங்களேன், இவ தனியா கெடக்கறா" என்று கேட்டதும் அப்படித்தான். மறுநாள் அந்தப் பெண் வந்து கதவைத் தட்டியது. அன்று சாயங்காலம் அணில் அம்மாவின் காதில் வாயை வைத்து, "நானாவே ஒரு ஃப்ரெண்டு புடிச்சிட்டேன்" என்றாள். பிரேக்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பி வேலை செய்துவிட்டது.

இது அன்பா, ஏமாற்றா என்று பிரித்துச் சொல்வது கடினம். அவளுக்கு இரண்டும் ஒரே கால்தான்.

ஒருநாள் அணிலின் பள்ளியில் தண்ணீர்க் குழாய் உடைந்து விடுமுறை விட்டார்கள். கண்ணாடிக் கடையில் கூட்டம். அணிலைத் தனியே விட முடியாமல் காரின் பின்சீட்டில் நடுவில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டி, "வாயைத் தெறக்கக் கூடாது, தாத்தாவுக்குப் பயம் வந்துடும்" என்று சொல்லிவைத்தாள்.

தாத்தா என்பது அன்றைய மாணவர். ஓய்வுபெற்ற தபால்காரர். வேலைக்காலம் முழுக்க சைக்கிளில் தெருத்தெருவாகச் சுற்றியவர், இப்போது மகன் விட்டுப்போன காரில் மனைவியை ஏற்றிக்கொண்டு சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஸ்டியரிங்கை முறுக்குப் பிழிவது போல இறுக்கிப் பிடிப்பார். ஒவ்வொரு வீட்டைத் தாண்டும்போதும் அங்கே யாருக்கு எந்த ஊரிலிருந்து கடிதம் வரும் என்று சொல்லுவார்.

"அந்தப் பச்சைக் கேட்டு இருக்கு பாருங்கம்மா, அந்த வீட்டு நாய் என் காக்கி பேண்டை மூணு தடவை கிழிச்சுது."

"கேட்டைப் பார்க்காதீங்க சார், ரோட்டைப் பாருங்க."

"பாக்கறேன், பாக்கறேன். இந்த ரோட்டை நான் கண்ணை மூடிட்டே..."

"மூட வேண்டாம் சார்."

பின்சீட்டில் அணில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் ஒரு சந்திலிருந்து சைக்கிள் ஒன்று பாய்ந்து வந்தது. தபால்காரரின் கால் தடுமாறி பிரேக்கைத் தேடிப் போனது. அது போய்ச் சேர்ந்த அதே கணத்தில் பக்கத்து சீட்டில் இன்னொரு கால் மெதுவாக அழுந்தியது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அணிலுக்கு இரண்டு காலும் தெரிந்தன. கார் பூப்போல நின்றது. சைக்கிள்காரன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனான்.

"பாத்தீங்களாம்மா?" தபால்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பினார். "இத்தனை வருஷம் பெடல் மிதிச்ச கால். சும்மாவா?"

"உங்க காலுக்குத் தனியா ஒரு மூளை இருக்கு சார்" என்றாள் பிரேக்கம்மா, எப்போதும் சொல்வது போல.

ஒட்டவைத்த கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. சிரிப்பு எங்கோ போய்விட்டிருந்தது. அவள் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது கேள்வி வந்தது.

"அம்மா, அந்தத் தாத்தாவா பிரேக் போட்டாரு?"

"அவரும் போட்டார்."

"நீ போட்டதுனாலதான் நின்னுச்சு. நான் பாத்தேன். அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்ல. தைரியம் வரட்டும்னுதான்."

அணில் ரொட்டியை இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு யோசித்தாள். விழுங்கி முடித்த பிறகு, "எனக்கும் அப்படிப் போடுவியா?" என்றாள்.

வெண்ணெய்க் கத்தி நின்றது.

"செஸ்ல நான் உன் ராணியை அடிச்சேனே, அது நானா? டீச்சர் எனக்கு மட்டும் சின்னதா வாசிக்கக் குடுக்கறாங்களே, அது? கீழ்வீட்டுல அவ என்கூட விளையாட வந்தாளே..."

இங்கே பிரேக்கம்மா ஒரு தப்புச் செய்தாள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. எதிரே ஏதோ பாய்ந்து வருகிறது என்றதும் யோசிக்காமல் மிதித்துவிட்டாள்.

"சீ, அசடு. எல்லாம் நீதான். நீயே பண்ணினதுதான்."

அணில் தலையை ஆட்டினாள். தபால்காரரிடம் சொன்ன அதே குரல் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மிச்ச ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை இல்லை, அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. செருப்புப் பெட்டி பால்கனி மூலையில் கிடந்தது. கீழேயிருந்து கயிற்றை யாரோ இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார்கள். மேலேயிருந்து பதில் போகவில்லை. அப்பா செஸ் பலகையை விரித்தால், "நீ நிஜமா ஆடுவியா, அம்மா மாதிரி ஆடுவியா?" என்று கேட்டாள். அவர் நிஜமாக ஆடினார். தோற்றாள். உதடு பிதுங்கவில்லை. காய்களைப் பெட்டியில் அடுக்கினாள். கணக்கில் முழு மதிப்பெண் வாங்கி வந்த தாளைக் காட்டக்கூட இல்லை. பையைத் துழாவியபோது பிரேக்கம்மாதான் பார்த்தாள்.

"ஏண்டி சொல்லலை?"

"நீ டீச்சர்கிட்ட ஏதாவது சொல்லியிருப்பே."

"சத்தியமா இல்லடா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

பொய்யான வெற்றிகளோடு நிஜமானவையும் கலந்து கிடந்தன. இனி மகள் எதைச் செய்தாலும் அதற்கு அடியில் அம்மாவின் கால் இருக்குமோ என்று தேடுவாள். மகளுக்கு விழும் பயம் வரக் கூடாது என்று நினைத்தவள், நின்றது தன் சொந்தக் கால்தானா என்ற சந்தேகத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டாள்.

கணவரிடம் சொன்னாள். அவர் ஒரு மூக்குக் கண்ணாடியின் திருகை முடுக்கிக்கொண்டே கேட்டார்.

"கடைக்கு ஒருத்தர் வர்றாரு. எழுத்து சரியாத் தெரியலைங்கறாரு. யாருக்கும் தெரியாம நான் பின்னாடி நின்னு ஒவ்வொரு எழுத்தா வாசிச்சுக் குடுத்தா கண்ணு சரியாயிடுமா?"

"உங்களுக்கு எல்லாம் ஈஸியா வந்துடும் பேச்சு. அவ அழுதா ராத்திரி முழுக்க யாரு உக்காந்திருக்கறது?"

"நீதான். அதுல யாரும் உன்னை மிஞ்ச முடியாது" என்றார். கிண்டலா, பாராட்டா என்று தெரியவில்லை. திருகு இறுகிவிட்டது.

அடுத்த விடுமுறை நாளில் துவைத்த துணி மலைபோல் கட்டிலில் கிடந்தது. அம்மாவும் மகளும் காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்க்காமல் பேச வசதியான வேலை அது.

"ராணியை வேணும்னேதான் விட்டேன்" என்றாள் பிரேக்கம்மா.

அணில் ஒரு காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"எல்லா ஆட்டத்துலயும் இல்ல. ஆனா நெறைய ஆட்டத்துல. டீச்சர்கிட்டயும் சொன்னேன். வாசிக்கறதுக்கு மட்டும்தான். கணக்குக்கு ஒண்ணும் சொல்லலை. அந்த முழு மார்க்கு உன்னோடது."

"லிஃப்ட்டு? அந்த முடிச்சு?"

"முடிச்சை இறுக்கலாம்னு போனேன். நீ தூங்கினப்புறம். ஏற்கனவே நல்லா இறுக்கமாத்தான் இருந்துச்சு. தொடாம வந்துட்டேன்."

அணிலின் வாயோரம் ஒரு சின்ன அசைவு. உடனே அடங்கிவிட்டது.

"அவ?"

இதுதான் கடைசி. பிரேக்கம்மா கையிலிருந்த காலுறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"மொத நாள் அவளை அனுப்பச் சொல்லி அவங்கம்மாகிட்ட நான் கேட்டேன். அதுக்கப்புறம் கேக்கலை. அப்புறம் வந்ததெல்லாம் அவளா வந்ததா, அவங்கம்மா சொல்லி வந்ததா, எனக்குத் தெரியாது."

"கேட்டுச் சொல்லு."

"நான் கேட்டா மறுபடியும் நான்தானே பண்ணினதா ஆகும்?"

அணில் மிச்சக் காலுறைகளுக்கு ஜோடி சேர்த்தாள். ஜோடி கிடைக்காத காலுறை ஒன்று மட்டும் மிஞ்சியது. பிறகு அதைக் கையில் மாட்டிய வாக்கிலேயே போய்க் கதவைத் திறந்து படியில் இறங்கினாள். செருப்பு போடவில்லை.

பிரேக்கம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது கால் தரையை அழுத்தியது. போன் எதிரே மேஜையில் இருந்தது. கீழ்வீட்டுக்காரிக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், "உங்க பொண்ணு கொஞ்சம் பாத்துப் பேசட்டும்" என்று. மகள் படியிறங்கிக் கதவைத் தட்டுவதற்குள் சொல்லிவிடலாம். கை போனது. எடுத்தாள். விரல் பெயரைத் தேடியது. பிறகு போனைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் ஒரு துண்டைப் போட்டாள். பார்க்காமல் இருந்தால்தான் தாங்கும்.

கணவர் ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவள் காலுக்கு அடியில் வைத்தார்.

"எதுக்கு?"

"தரை குழிஞ்சிடப் போவுது. வீட்டுக்காரர் அட்வான்ஸ்ல கழிச்சிடுவார்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் தலையணையை எடுக்கவும் இல்லை. கீழேயிருந்து முதலில் சத்தமே இல்லை. அப்புறம் ஏதோ வாக்குவாதம் போலக் கேட்டது. யாரோ ஒரு குழந்தை உரக்க, "அது மட்டும் இல்ல" என்றது. யாருடைய குரல் என்று பிரித்தறிய முடியவில்லை. அவள் எழுந்தாள். கணவர் தலையணையைப் பார்த்தார். உட்கார்ந்தாள்.

அணில் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் மூச்சு வாங்க, ஒரே மூச்சில் பேசினாள்.

"மொத நாள் அழுதுட்டே வந்தாளாம். அவளுக்கு டிவி பாக்கணுமாம். அவங்கம்மா திட்டி அனுப்பினாங்களாம்."

"அப்புறம்?"

"மறுநாள் யாரும் சொல்லலையாம். லிஃப்ட்டுக்காக வந்தாளாம். என்னைப் புடிச்சில்ல, லிஃப்ட்டைப் புடிச்சு." நிறுத்தி யோசித்தாள். "அப்புறமா என்னையும் புடிச்சுதாம். ஆனா நான் எப்பவும் என் ரூலைத்தான் சொல்றேனாம். அது புடிக்கலையாம். நான் சொன்னேன், நீ மட்டும் என்ன, பிஸ்கட்டை நடுவுலயே தின்னுட்டு வெறும் பொட்டியை அனுப்பறியேன்னு. சண்டை வந்துடுச்சு."

பிரேக்கம்மாவின் நாக்கில் ஒரு முழுப் பாடமே வந்து நின்றது. விட்டுக்கொடுக்க வேண்டும், ஒருநாள் உன் ரூல், ஒருநாள் அவள் ரூல். வாயை மூடிக்கொண்டாள். தலையணை நன்றாக அமுங்கியது.

"சண்டையோட வந்துட்டியா?"

"நாளைக்கு ரெண்டு பொட்டி கட்டப் போறோம். ஒண்ணு மேல போகும், ஒண்ணு கீழ வரும். அது அவ ரூலு." கையிலிருந்த காலுறையைக் கழற்றினாள். "எனக்குப் பசிக்குது."

சாப்பிடும்போது இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, நீ பிரேக் போட வேணாம்னு சொல்லலை. நெஜமா இடிக்கற மாதிரி இருந்தா போடு. ஆனா நீ போட்டேன்னு எனக்குத் தெரியணும்."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

அது அவ்வளவு சுலபமாக இல்லை. சில நாட்கள் வீடு நாடகக் கொட்டகை போல இருந்தது. "நான் இப்ப உனக்கு ஹெல்ப் பண்றேன், பாத்துக்கோ" என்று அறிவித்துவிட்டுத்தான் அவள் மகளின் பையைத் தொட்டாள். "நான் இப்ப உங்களுக்கு ஹெல்ப் பண்றேன், பாத்துக்கோங்க" என்று சொல்லிக் கணவர் பாத்திரம் கழுவினார், பாதியில் விட்டுவிட்டுப் போனார். செஸ்ஸில் அணில் தொடர்ந்து தோற்றாள். ஒருநாள் தோற்ற ஆட்டத்திலேயே அம்மாவின் யானையை முறையாகப் பிடித்து அடித்தபோது, அம்மாவின் முகத்தை ஏறிட்டு உற்றுப் பார்த்தாள். முகத்தில் உண்மையான எரிச்சல் இருந்தது. அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு, ராணியை அடித்த நாட்களில் சிரித்ததைவிடச் சின்னதுதான். ஆனால் அன்று முழுக்க இருந்தது. வகுப்பில் பெரிய பத்தியை வாசிக்கச் சொன்னபோது திக்கினாள், இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள், வீட்டுக்கு வந்து அழுதாள். அழுது முடியும் வரை பிரேக்கம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதையும் செய்யவில்லை. செய்யாமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலை என்பதும், அதில் முதுகு வலிக்கும் என்பதும் அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த மாதத்தில் ஒருநாள் காலையில் அவள் பயிற்சிப் பள்ளியின் காரை ஓட்டிக்கொண்டு கார் எலக்ட்ரீஷியனின் பட்டறைக்குப் போனாள். தன் பக்கத்து பிரேக்குக்கு ஒரு மணி வைக்கச் சொன்னாள்.

"மணியா? மிதிச்சா அடிக்கற மாதிரியா?" என்றார் அவர். "பிரேக் லைட் ஒயர்லேர்ந்து இழுத்துடறேன். சுலபம்."

"அது அவங்க மிதிச்சாலும் அடிக்குமே. நான் மிதிச்சா மட்டும் அடிக்கணும். என் பெடலுக்கு அடியில தனியா ஒரு சுவிட்ச் வைங்க."

பள்ளி முதலாளி போனில் கத்தினார். மணி அடித்தால் கற்க வருபவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள், எதிர்த்தெருப் பள்ளிக்குத்தான் லாபம், எதற்கு இந்த வேண்டாத வேலை என்றார். "வெச்சுப் பாக்கலாம் சார்" என்றாள். அதற்குமேல் அவர் எவ்வளவு துருவியும் எதுவும் வரவில்லை. பிறகு தபால்காரரும் கேட்டார், முகம் சிவந்து, காரை ஓரமாக நிறுத்திவிட்டு, இத்தனை நாளும் நின்றதெல்லாம் யார் நிறுத்தியது என்று. "பாதி நான், பாதி நீங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் சில நாட்கள் வரவில்லை. அப்புறம் வந்தார். பச்சைக் கேட்டைப் பார்க்காமல் ஓட்டினார். மணி அடிக்காமல் ஒரு தெரு முழுக்கப் போன அன்று, அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து மீசையைத் தடவிக்கொண்டார். வீட்டில் கணவர்கூட அந்த மணி ஏன் என்று கேட்டார். அணில் கேட்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால். பட்டறையில் அன்று காலை எலக்ட்ரீஷியன் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டும் படாமல், தன் பழைய வழக்கப்படி பெடலைத் தொட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். அப்போதுதான் அடித்தது.

"அழுத்தி மிதிச்சாதான் அடிக்கும்மா. மெதுவாத் தொட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"மெதுவாத் தொட்டாலே அடிக்கணும்" என்றாள் பிரேக்கம்மா. "சுவிட்சை இன்னும் கொஞ்சம் மேல ஏத்தி வைங்க."